தோக்கியோவில் ஜப்பானியத் தோட்டமுள்ள ஹோட்டலில் தங்க: யாழ்ப்பாணத்திலிருந்து போகிறவர்களுக்கு

இந்த ஹோட்டல்களின் தோட்டத்தைப் பார்க்க அறை எடுக்கத் தேவையில்லை. தோக்கியோ நியூ ஒத்தானி ஹோட்டலின் தோட்டத்துக்குள் பகலில் யாரும் இலவசமாகப் போய்வரலாம். அறைக்கு நீங்கள் கொடுக்கும் காசு விடியற்காலை ஒரு மணித்தியாலத்துக்காக: வெளியாட்கள் வருமுன், கற்களில் பனி காயுமுன். விமானம், அறை, சாப்பாடு எல்லாவற்றையும் அந்த மணித்தியாலத்தை வைத்துத் திட்டமிடுங்கள்.

எங்கே, எப்போது

நியூ ஒத்தானி 1964 செப்டெம்பரில், தோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஒரு மாதம் முன்பு திறக்கப்பட்டது. தோட்டம் அதைவிட மிகப் பழையது. 400 வருடங்களுக்கு முன் கதோ கியோமசா என்ற பிரபுவின் வளவாக இருந்த நிலம். ஏறக்குறைய 10 ஏக்கர், நம்முடைய கணக்கில் 160 பரப்பு. குளம், சிவப்புப் பாலம், அருவி, வெண்சரளை முற்றம் எல்லாம் உண்டு. அக்கசக்கா-மித்சுக்கே நிலையத்திலிருந்து நடந்து போகலாம்.

மற்றது சின்சன்சோ ஹோட்டல். 1878இல் யமகத்தா அரித்தோமோ என்ற அரசியல்வாதி வாங்கிப் பெயர் வைத்த வளவு. ஹிரோஷிமாப் பக்கத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்து நிறுத்திய மூன்றடுக்குப் பகோடா மேட்டில் நிற்கிறது. மே நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை இரவில் மின்மினி பார்க்கலாம். முதல் தடவை போகிறவருக்கு நியூ ஒத்தானி வசதி, ரயில் பக்கத்தில். அமைதி வேண்டுமென்றால் சின்சன்சோ.

நவம்பர் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும் மேப்பிள் இலை சிவக்கும் காலம். மார்ச் கடைசியும் ஏப்ரல் தொடக்கமும் செரிப்பூ. இரண்டு காலத்திலும் விலை ஏறும். ஜூன் மழைக்காலம். பலர் தவிர்ப்பார்கள், ஆனால் பாசியும் கல்லும் நனைந்து கறுத்துப் பளபளக்கும் அந்த நாட்களில்தான் இந்தத் தோட்டங்கள் தங்கள் முழு அழகோடு இருக்கும். குடை ஹோட்டலிலேயே தருவார்கள்.

நாள் தெரிவு செய்யும்போது இன்னொன்றையும் பாருங்கள். ஜப்பானிலும் முகூர்த்த நாள் உண்டு. ஆறுநாள் சுழற்சியில் ‘தைஅன்’ சுபதினம், ‘புத்சுமெத்சு’ ஆகாத நாள். தைஅன் சனி, ஞாயிறில் வந்தால் தோட்டம் முழுக்கக் கலியாணப் படப்பிடிப்பு நடக்கும். புத்சுமெத்சுவில் வார நாளாகப் பார்த்துப் பதிந்தால் குளக்கரை உங்களுக்கே.

பதிவும் பணமும்

விசா விண்ணப்பத்தோடு நாளுக்கு நாள் எங்கே தங்குகிறீர்கள் என்ற அட்டவணை கொடுக்க வேண்டும். ஆகவே அறையை முதலிலேயே, இலவசமாக ரத்துச் செய்யக்கூடிய கட்டணத்தில் பதியுங்கள். மலிவென்று திருப்பித் தராத கட்டணத்தை எடுத்து, விசா பிந்தினால் முழுக் காசும் போகும்.

இணையத்தில் காட்டும் விலையில் சேவைக் கட்டணமும் வரியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சேராவிட்டால் கணக்கு இப்படி வரும்: அறை 50,000 யென், 15 சதவீத சேவைக் கட்டணத்தோடு 57,500, அதன்மேல் 10 சதவீத நுகர்வு வரியோடு 63,250. இதைவிட, ஆளுக்கு 15,000 யென்னுக்குக் குறையாமல் வரும் அறைக்குத் தோக்கியோத் தங்கல் வரி ஆளுக்கு இரவுக்கு 200 யென். டிப்ஸ் கொடுக்கும் வழக்கம் இல்லை, நீட்டினால் சங்கடப்படுவார்கள்.

எத்தனை பேர் என்பதைச் சரியாகப் போடுங்கள். ஜப்பானில் கட்டணம் பெரும்பாலும் ஆட்கணக்கில். ‘நாலாவது ஆள் சின்னப்பிள்ளைதானே’ என்று சொல்லாமல் கூட்டிப் போனால் வரவேற்பு மேசையில் பிரச்சினை வரும். ‘செமி டபிள்’ என்பது ஏறக்குறைய 120 சென்ரிமீற்றர் அகலக் கட்டில், இரண்டு பேருக்கு இறுக்கம். இரண்டு தனிக் கட்டில் உள்ள ‘ட்வின்’ கேளுங்கள்.

அறை தோட்டத்தைப் பார்த்திருக்க வேண்டுமென்றால் அந்த வகை அறையையே பதிய வேண்டும். குறிப்பில் எழுதிக் கேட்பது வெறும் விருப்பம், உறுதியல்ல. மாடியும் முக்கியம். மிகக் கீழே என்றால் மரக்கொப்புகள் மறைக்கும். மிக மேலே என்றால் தோட்டம் வரைபடம்போலத் தட்டையாகி, நகரந்தான் தெரியும். மரங்களின் நுனிக்குச் சற்று மேலே உள்ள மாடிகளே நல்லவை.

கிரெடிற் கார்ட்டை வெளிநாட்டுப் பாவனைக்குத் திறந்துவிடும்படி வங்கியில் முன்பே சொல்லுங்கள். டெபிற் கார்ட்டைக் கொடுக்க வேண்டாம். ஹோட்டல் பிணையாகத் தடுத்துவைக்கும் தொகை உங்கள் கையிருப்பிலிருந்தே குறையும். விடுபட நாள் எடுக்கும்.

மூன்றரை மணித்தியாலம்

பலர் சறுக்குவது இங்கேதான். தோக்கியோ நேரம் நமக்கு மூன்றரை மணித்தியாலம் முன்னே. அங்கே காலை 5.30 என்றால் உங்கள் உடம்புக்கு விடியப்புறம் 2 மணி. வீட்டில் 5 மணிக்கு எழும்பும் ஆள் அங்கே 8.30க்குத்தான் கண் விழிப்பார். தோட்டத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஓரிரவு பஸ், பிறகு தோக்கியோவின் நரித்தா விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 9 மணித்தியாலம் விமானம். இந்தக் களைப்போடு முதல் இரவே ஆடம்பர ஹோட்டலில் தங்குவது காசை நித்திரைக்குக் கொடுப்பது. முதல் இரண்டு, மூன்று இரவும் சின்ன பிசினஸ் ஹோட்டலில் தங்கி, தோட்ட ஹோட்டலைப் பயணத்தின் கடைசிக்கு வையுங்கள். ஒரு இரவு போதாது, இரண்டு வேண்டும்: ஒரு காலை மழையோ காற்றோ கெடுத்தால் மற்றது இருக்கும்.

ஜூனில் 4.30க்கே சூரியன் வந்துவிடும். நவம்பர் கடைசியில் 6.30 ஆகும், பின்னேரம் நாலரைக்கு இருட்டும். தோட்டக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கிறது என்று முதல் நாளே வரவேற்பில் கேளுங்கள்.

அறைக்குள்

பதியும்போது கடவுச்சீட்டைப் பிரதி எடுப்பார்கள், அது சட்டம். அறை பெரும்பாலும் பிற்பகல் 3 மணிக்குத்தான் கிடைக்கும். பெட்டிகளை அதுவரை அவர்கள் வைத்திருப்பார்கள்.

மின்சாரம் 100 வோல்ற், இரண்டு தட்டை முள்ளுப் பிளக். போன் சார்ஜர் வேலை செய்யும். இங்கிருந்து கொண்டுபோகும் 230 வோல்ற் கேத்தில், சோற்றுக் குக்கர் சரியாகச் சூடாகாது: வலு ஐந்திலொன்றுக்கும் கீழே போய்விடும். அறையில் சமைக்கவும் விடமாட்டார்கள். கற்பூரம், சாம்பிராணி, விளக்கு எதையும் கொளுத்த வேண்டாம். புகை உணரி அலறும். திருநீறு பூசிக் கைகூப்பினால் போதும்.

கழிவறையில் நமக்குச் சிக்கல் இல்லை, தண்ணீர் வரும். எழும்பமுன் நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். குளியல் தொட்டி ஊறுவதற்கு மட்டும். வெளியே நின்று சோப் போட்டுக் கழுவிய பின்தான் இறங்க வேண்டும். அறையில் தரும் யுகத்தா என்ற மெல்லிய கிமோனோ உடையை இடப்பக்கம் மேலே வரும்படி கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

தோட்டத்தில் நடத்தல்

சப்பாத்து தட்டையான ரப்பர் அடியாக இருக்கட்டும். பாசிக்கல் வழுக்கும், குதியுயர்ந்தது சரளையில் புதையும். சேலையோடு நடக்கலாம், மிதிகற்கள் கிமோனோ கட்டியவரின் சிற்றடிக்கு அளந்து பதித்தவை.

அந்தக் கற்கள் வேண்டுமென்றே மேடுபள்ளமாக இருக்கின்றன. நடக்கிறவர் குனிந்து காலைப் பார்த்தே போக வேண்டும். ஓரிடத்தில் பெரிய, தட்டையான கல் வரும். அங்கே நின்று நிமிருங்கள்: அருவியோ கல்விளக்கோ சரியாக அந்த இடத்திலிருந்து தெரியும்படி வைத்திருப்பார்கள். வளைவுக்கு வளைவு ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்டுவதே இந்தத் தோட்டக்கலை. ஓடிப்போய்ப் படம் எடுத்துத் திரும்பினால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். கல் சொல்கிற இடத்தில் நின்று நடந்தால் ஒரு மணித்தியாலம் காணாது.

வழியில் கறுத்தக் கயிற்றால் குறுக்காகக் கட்டிய சின்னக் கல் ஒன்று இருந்தால் அது அலங்காரமல்ல. ‘செக்கிமோரி-இஷி’, இதற்கப்பால் போகாதே என்று பொருள். அறிவிப்புப் பலகை இருக்காது.

சரளையில் கோடு இழுத்த வெண்முற்றம் தண்ணீர் இல்லாத குளம். விடியவே விளக்குமாறால் முற்றம் கூட்டி, ஈர்க்குக் கோடு அழியாமல் ஓரமாக நடக்கச் சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பாசியிலும் கால் வைக்காதீர்கள், அடையாளம் மாற வெகுநாள் எடுக்கும். குளத்து மீனுக்குப் பாண் போட வேண்டாம். ஹோட்டல் தீவனம் தந்தால் அதை மட்டும்.

சைவச் சாப்பாடு

மீன் இல்லாதது போலத் தெரிவதிலும் மீன் இருக்கும். ‘தாஷி’ என்ற சாறு பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுப்பது: மிசோ சூப், முட்டைச் சுருள், அவித்த மரக்கறி எல்லாவற்றிலும் அதுதான். காலைப் பந்தியில் வெள்ளைச் சோறு, பழம், பாண், சீவல் தூவாத தோஃபு பயமில்லாதவை. பதியும்போதே ‘இறைச்சி, மீன், மீன்சாறு மூன்றும் வேண்டாம், கடற்பாசிச் சாறு சரி’ என்று தனித்தனியாக எழுதுங்கள். வெறுமனே சைவம் என்றால் மீன்சாற்றைக் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நேரில் சொல்ல: ‘நிக்கு மோ சக்கனா மோ தபேமசேன், சக்கனா நோ தாஷி மோ தமே தெசு.’ புத்த மடங்களின் ‘ஷோஜின் ரியோரி’ முழுச் சைவம், உள்ளி வெங்காயமும் இல்லை, முன்பதிவு தேவை.

கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் பச்சைக் கறிவேப்பிலையும் பெட்டியில் வைக்க வேண்டாம். விமான நிலையத் தாவரப் பரிசோதனையில் பறித்துவிடுவார்கள்.

புறப்படும் நாள்

பெட்டிகளை முதல் நாளே வரவேற்பில் கொடுத்தால் கூரியரில் விமான நிலையத்துக்கு அனுப்பலாம். எத்தனை நாள் முன் கொடுக்க வேண்டுமென்று அவர்களிடமே கேளுங்கள். பெரிய ஹோட்டல்களிலிருந்து நரித்தாவுக்கு லிமோசின் பஸ் உண்டு, இருக்கையை முதல் நாளே எடுங்கள். அறையைப் பெரும்பாலும் 11 மணிக்கு விட வேண்டும். தோட்டத்தை விடியவே பார்த்துவிட்டு, பிறகு பெட்டி கட்டுங்கள்.