ஆன்லைன் கோர்ஸ் வாங்கும் பழக்கத்தை நிறுத்துவது எப்படி? நான் செய்தது, படிப்படியாக

போன தை மாதம் ஒரு வருடத்து வங்கிக் கணக்கு அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன், வாட்ஸ்அப்பும் இன்ஸ்டாகிராமும்தான் கடை. அந்த ஒரு வருடத்தில் வியாபாரம் கற்றுத்தருகிறோம் என்ற கோர்ஸ்கள் 11, மாதச் சந்தா கட்டும் ஆப்கள் 5, எல்லாம் சேர்த்து 86,400 ரூபாய் போயிருந்தது. கடைசிவரை பார்த்து முடித்த கோர்ஸ் ஒன்றே ஒன்று. அந்தப் பணத்துக்கு நூறு சேலைக்கு மேல் கொள்முதல் செய்திருக்கலாம் என்று நினைத்தபோது வயிற்றைப் பிசைந்தது.

அதற்குப் பிறகு பத்து மாதத்தில், தொடக்கத்தில் தடுக்கி விழுந்து வாங்கிய இரண்டைத் தவிர, ஒரே ஒரு கோர்ஸ் வாங்கியிருக்கிறேன், அதுவும் யோசித்து. எப்படி நிறுத்தினாய் என்று கேட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

படி 1: தானாகப் போகும் பணத்தை நிறுத்துங்கள்

மன உறுதியெல்லாம் அப்புறம், முதலில் இதைச் செய்யுங்கள். ஜிபேயில் உங்கள் படத்தைத் தொட்டால் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்க நாம் கொடுத்த அனுமதி) என்று இருக்கும், போன்பேயிலும் ப்ரொஃபைல் பக்கத்தில் தேடினால் கிடைக்கும். வேண்டாததை எல்லாம் ரத்து செய்யுங்கள்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ‘1 ரூபாய்க்கு ட்ரையல்’ என்று வரும்போது நாம் அந்த 1 ரூபாயை மட்டும்தான் பார்க்கிறோம். பின் நம்பர் போடும் திரையிலேயே அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்றும் போட்டிருக்கும். எனக்கு அது 4,999 என்று இருந்ததை நான் படிக்கவில்லை. ஆப்பை போனிலிருந்து நீக்கிவிட்டதால் எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தேன், எட்டாம் நாள் 799 ரூபாய் போனது. ஆப்பை நீக்குவது வேறு, ஆட்டோபேயை நீக்குவது வேறு. பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. எனக்கும் வந்திருந்தது, விளம்பர எஸ்எம்எஸ் கூட்டத்தில் கண்ணில் படவில்லை. இதுமாதிரிச் சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் ஓடிபி கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பின்சேர்க்கை: ‘ஜிபேயில் பார்த்தேன், ஒன்றுமே இல்லை, ஆனாலும் பணம் போகிறது’ என்று ஒருவர் கேட்டிருந்தார். கார்டில் கொடுத்த அனுமதி ஜிபேயில் தெரியாது, உங்கள் வங்கியின் ஆப்பிலோ நெட் பேங்கிங்கிலோ தேட வேண்டும். ப்ளே ஸ்டோர் வழியாக எடுத்த சந்தாவை ப்ளே ஸ்டோருக்குள் போய் ரத்து செய்யுங்கள். வீட்டுக்காரர் போனில் ஏதாவது ஓடுகிறதா என்றும் பாருங்கள், எங்கள் வீட்டில் இரண்டு ஓடியது.

படி 2: கதவுகளைச் சாத்துங்கள்

சேமித்து வைத்த கார்டுகளை எல்லாத் தளங்களிலிருந்தும் நீக்குங்கள். வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, குரூப்ஸ் என்று போய், உங்கள் காண்டாக்டில் இருப்பவர்கள் மட்டுமே குரூப்பில் சேர்க்கலாம் என்று மாற்றுங்கள். வெபினார் (ஆன்லைன் நேரலை வகுப்பு) குரூப்களிலிருந்து வெளியேறினால் அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், சங்கடப்பட வேண்டாம். இன்ஸ்டாகிராமில் அந்த விளம்பரங்கள் வரும்போதெல்லாம் மூன்று புள்ளியைத் தொட்டு மறையுங்கள், இரண்டு வாரத்தில் குறைந்துவிடும்.

இதற்கென்று தளங்களைத் தடுக்கும் ஆப்கள் இருக்கின்றன. எனக்கு அவற்றில் நம்பிக்கை இல்லை. தடுப்பை நீக்கும் பொத்தானும் நம் கையில்தான் இருக்கிறது, அதோடு ஆப் வாங்கும் பழக்கத்தை நிறுத்த இன்னொரு ஆப் வாங்குவது சரியில்லை. 40 பக்க நோட்டு ஒன்று போதும்.

படி 3: நோட்டு (நான் தடுக்கி விழுந்த இடம்)

வாங்கத் தோன்றினால் எழுதி வை, மூன்று நாள் பொறு, பிறகு முடிவு செய். இந்த அறிவுரையை எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், கோர்ஸ் பெயர், விலை, லிங்க் என்று எழுதினேன். மூன்றாம் நாள் லிங்கைத் திறந்தால் ‘சலுகை இன்றிரவோடு முடிகிறது’ என்று கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும், பதறிப்போய் வாங்கிவிடுவேன். இரண்டு முறை இப்படி நடந்தது. ஆசையை ஆறவைக்க எழுதிய பட்டியல், வாங்க வேண்டியவற்றின் பட்டியலாகவே ஆகிவிட்டது.

பிறகு எழுதும் முறையை மாற்றினேன். கோர்ஸ் பெயரையும் லிங்கையும் எழுதக்கூடாது. எழுத வேண்டியவை: இப்போது மணி என்ன, இதற்கு முன் என்ன செய்துகொண்டிருந்தேன், இதை வாங்கினால் எந்தப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன், விலை எவ்வளவு. அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் 14 முறை எழுதியிருந்தேன். அதில் 9 இரவு பத்து மணிக்கு மேல். அதைவிட முக்கியமானது, பெரும்பாலான நாட்களில் ‘இதற்கு முன் என்ன செய்தேன்’ என்ற இடத்தில் ஒரே மாதிரி பதில்தான் இருந்தது: யாரையோ கூப்பிட வேண்டியிருந்தது, கூப்பிடவில்லை. கோயம்புத்தூர் கடைக்காரர் ஒருவருக்கு விலைப்பட்டியல் அனுப்பியிருந்தேன், பதில் இல்லை, திரும்பக் கூப்பிட்டால் தொந்தரவு என்று நினைப்பாரோ என்ற தயக்கம். அந்தத் தயக்கத்தோடு உட்கார்ந்திருக்கும்போது ‘மொத்த விற்பனை ரகசியங்கள்’ என்று ஒரு கோர்ஸ் கண்ணில் பட்டால் கை தானாகப் போகும். பணம் கட்டி முடித்ததும் அந்த வேலையையே செய்து முடித்தது போல ஒரு நிம்மதி வரும். நான் இத்தனை நாள் காசு கொடுத்து வாங்கியது அந்த நிம்மதியைத்தான்.

அதனால் இப்போது ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: தள்ளிப்போட்ட வேலை எது? அதை மறுநாள் காலையில் 20 நிமிடம் செய்யாமல் எந்தக் கோர்ஸ் பக்கத்தையும் திறப்பதில்லை. மாசி மாதம் அந்தக் கடைக்காரரைக் கூப்பிட்டேன், பட்டியலை அவர் பார்க்கவே இல்லையாம், முதலில் 30 சேலை அனுப்பச் சொன்னார்.

ஓடும் கடிகாரம் பற்றி: அதே பக்கத்தை பிரவுசரின் இன்காக்னிட்டோவிலோ (பழைய பதிவுகள் இல்லாத தனி ஜன்னல்) இன்னொரு போனிலோ திறந்து பாருங்கள். அங்கே முதலிலிருந்து ஓடத் தொடங்கினால் அது பொய்க் கடிகாரம். இப்படிப் போலியாக அவசரப்படுத்துவதையும், வெளியேற முடியாதபடி சந்தாவில் மாட்டிவிடுவதையும் 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகள் தடை செய்திருக்கின்றன, அந்தப் பட்டியலில் மொத்தம் 13 வகைத் தந்திரங்கள் இருக்கின்றன. புகாருக்கு 1915 என்ற எண்ணில் கூப்பிடலாம். சில சலுகைகள் உண்மையிலேயே முடிந்துபோகும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சரி, முடியட்டும். நான் தவறவிட்ட எந்தச் சலுகையையும் ஒரு மாதம் கழித்து நினைத்து வருந்தியதில்லை.

99 ரூபாய் வெபினார்கள் பக்கம் போகவே வேண்டாம். மூன்று மணி நேரத்தில் கடைசி ஒரு மணி நேரம் 25,000 ரூபாய் வகுப்பை விற்பதற்குத்தான். ‘வட்டியில்லா இஎம்ஐ’ என்றால் இன்னும் கவனம். பல நேரங்களில் அது ஒரு நிதி நிறுவனம் உங்கள் பெயரில் தரும் கடன். என் தங்கை வகுப்பு பிடிக்காமல் இரண்டாம் வாரமே விலகினாள், தவணை மட்டும் நிற்கவில்லை, கட்டாவிட்டால் சிபில் ஸ்கோர் (கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிபடும் என்று பயந்து முழுவதையும் கட்டினாள்.

படி 4: நிஜமாகவே தேவைப்பட்டால்

இந்த வாரமே பயன்படுத்தப்போகிற ஒன்றா? முன்பு வாங்கியதை முடித்தாயிற்றா? இரண்டுக்கும் ஆம் என்றால்தான் மேலே போவேன். அடுத்து இலவசமாகக் கிடைக்கிறதா என்று பார்ப்பேன். விளம்பரம் போடக் கற்க கூகுள் ஸ்கில்ஷாப், மெட்டா ப்ளூப்ரிண்ட் இரண்டிலும் இலவசப் பாடங்கள் இருக்கின்றன, கணக்கு, மேலாண்மை மாதிரியான பாடங்களை அரசின் ஸ்வயம் தளத்தில் கட்டணமில்லாமல் படிக்கலாம், சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் பணம்.

விலையை முழுதாகப் போட்டுப் பாருங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி பெரும்பாலும் கடைசித் திரையில்தான் வரும். டாலரில் கட்டும் ஆப் என்றால் பல கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அதன்மேல் ஜிஎஸ்டி. பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் வாங்கும் முன்பே படியுங்கள். கோர்ஸ் விற்கும் உடெமி தளத்தில் பெரும்பாலான கோர்ஸ்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, நான் 25ஆம் நாளுக்குப் போனில் அலாரம் வைத்துவிடுவேன். இந்த வருடம் யோசித்து வாங்கிய அந்த ஒன்று அங்கேதான், துணியைப் படம் எடுப்பது பற்றி, 449 ரூபாய். எட்டு நாள் மதிய வேளையில் பார்த்து முடித்தேன்.

பின்சேர்க்கை 2: ஈரோட்டிலிருந்து ஒரு அக்கா எழுதியிருந்தார். கோர்ஸ் வாங்குவதை நிறுத்திவிட்டாராம், ஆனால் இப்போது இரவெல்லாம் இலவச பிடிஎஃப்களை இறக்கிக்கொண்டும் இலவச வெபினார்களில் பெயர் கொடுத்துக்கொண்டும் இருக்கிறாராம், இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று கேட்டார். சேர்க்கணும் அக்கா. மணியையும் தள்ளிப்போட்ட வேலையையும் அப்படியே எழுதுங்கள், விலை என்ற இடத்தில் 0 போடுங்கள்.