டிராஃப்ட்டுக்கு முன் ஓர் இளம் டிஃபென்ஸ்மேனை எடைபோடுகையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லின் அணிகள், இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வே டிராஃப்ட். 2012-ஆம் ஆண்டு டிராஃப்ட்டில் முதலில் அழைக்கப்பட்ட 10 பேரில் 8 பேர் டிஃபென்ஸ்மேன்கள், அதாவது தற்காப்பு ஆட்டக்காரர்கள். அவர்களுள் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணி 4-ஆவது இடத்தில் தேர்ந்தெடுத்த கிரிஃபின் ரைன்ஹார்ட், என்ஹெச்எல்லில் மொத்தம் 37 ஆட்டங்களே ஆடினார். அதே டிராஃப்ட்டில் 86-ஆவது இடத்தில் செயின்ட் லூயிஸ் ப்ளூஸ் எடுத்த கோல்டன் பரைகோ, 2019-இல் என்ஹெச்எல் பட்டமான ஸ்டான்லி கோப்பையை வென்ற அணியில் முதன்மைத் தற்காப்பு ஆட்டக்காரர்களில் ஒருவராக இருந்தார். 120-ஆவது இடத்தில் கரோலினா ஹரிகேன்ஸ் எடுத்த ஜேக்கப் ஸ்லேவின், இன்று தற்காப்பு ஆட்டத்தின் இலக்கணமாகவே மதிக்கப்படுகிறார். ஆண்டு முழுவதும் ஊர் ஊராகச் சென்று ஆட்டங்களைப் பார்க்கும் ஸ்கவுட்டுகள் எல்லா அணிகளிடமும் இருந்தும், மதிப்பீடுகள் இவ்வளவு தூரம் பிசகின.

இந்தப் பிசகுக்கு அடிப்படைக் காரணம், கண்ணுக்கு எளிதில் படுவதையே மதிப்புள்ளதாகக் கொள்ளும் பழக்கம் என்று நான் கருதுகிறேன். முன்கள ஆட்டக்காரரின் நல்ல வேலை கோலாகவோ, கோலுக்கான பாஸாகவோ பதிவாகிவிடுகிறது. தற்காப்பு ஆட்டக்காரரின் நல்ல வேலையில் பெரும்பகுதி, எதிரணிக்குக் கிடைக்காமல் போன வாய்ப்பாகவே முடிகிறது; அதை எந்த அட்டவணையும் தானாகக் காட்டுவதில்லை. 17 வயதில் உடலும் ஆட்ட அறிவும் பாதி வளர்ந்த நிலையில் இருக்கும் ஒருவரை மதிப்பிடும்போது இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது.

புள்ளிகளைப் பிரித்துப் பார்க்காமல் படிப்பது

ஜூனியர் லீக்கில் 60 புள்ளிகள் (கோலுக்கும் கோலுக்கான பாஸுக்கும் ஒவ்வொரு புள்ளி) எடுத்த ஒரு தற்காப்பு ஆட்டக்காரரின் பெயரைப் பட்டியலில் பார்த்தவுடன் அவரைத் தாக்குதல் திறன் மிக்கவர் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்த 60-இல் எத்தனை பவர் பிளேயில் வந்தவை என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஓர் ஆள் குறைவாக இருக்கும்போது, எதிரணிப் பகுதியின் எல்லையான நீலக்கோட்டின் நடுவில் நிற்பவருக்கு நேரமும் இடமும் தாராளமாகக் கிடைக்கின்றன. திறமையான முன்களத்தினர் அருகில் இருந்தால், பக்கவாட்டில் தட்டிவிட்ட சாதாரண பாஸ்கள்கூடப் புள்ளிகளாகிவிடும். ஐவருக்கு ஐவர் ஆடும்போது அவர் என்ன உருவாக்கினார், யாருடன் ஆடினார், எத்தனை நிமிடங்கள் ஆடினார் என்பவற்றைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்ட பிறகே அந்த எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். இதே காரணத்தால், 20 புள்ளிகள் மட்டுமே எடுத்த ஒருவர், 19 வயது மூத்த ஆட்டக்காரர் முதல் பவர் பிளே குழுவில் இருந்ததால் வாய்ப்புக் கிடைக்காதவராகவும் இருக்கக்கூடும். பிளஸ்-மைனஸ் எண்ணை (அவர் களத்தில் இருக்கையில், பவர் பிளே கோல்கள் நீங்கலாக, தன் அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசம்) பொறுத்தவரை, அது கோல்கீப்பரையும் உடன் ஆடும் இணையையும் அவ்வளவு சார்ந்திருப்பதால், ஒரே பருவத்தின் ஜூனியர் ஆட்டங்களை வைத்து அதிலிருந்து எதையும் முடிவு செய்யாமல் இருப்பதே நல்லது.

லீக்கின் தரமும் இத்துடன் சேர்ந்தது. கேல் மாகார் 2016–17 பருவத்தில் ஆல்பர்ட்டா ஜூனியர் லீக்கில் ப்ரூக்ஸ் பேண்டிட்ஸ் அணிக்காக 54 ஆட்டங்களில் 75 புள்ளிகள் எடுத்தார். கனடாவின் மூன்று பெரிய ஜூனியர் லீக்குகளுக்கு ஒரு படி கீழே இருக்கும் லீக் அது. எதிராளிகளின் தரம் குறைவு என்பதால் எண்களை அப்படியே நம்புவதும் தவறு, அதே காரணத்துக்காக ஆளை ஒதுக்கிவிடுவதும் தவறு. அவருடைய ஸ்கேட்டிங்கும் ஏமாற்றும் அசைவுகளும் எந்த லீக்கிலும் செல்லுபடியாகக்கூடியவை. கொலராடோ அவலாஞ்ச் அவரை 2017-இல் 4-ஆவது இடத்தில் எடுத்தது, 2022-இல் அவர் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பையை வென்றார். மறுபுறம், சுவீடனின் முதன்மை லீக்கான எஸ்ஹெச்எல் போன்றவற்றில் வயது வந்த ஆண்களுக்கு எதிராக ஆட்டத்துக்கு எட்டு நிமிடங்கள் மட்டும் ஆடி, புள்ளி ஏதும் எடுக்காத இளைஞரை, தன் வயதினருக்கு எதிராக ஆடுபவருடன் எண்ணுக்கு எண் ஒப்பிடக் கூடாது. அங்குள்ள அரங்குகளின் அகலமும் வேறு: மரபான சர்வதேசத் தளம் 30 மீட்டர், என்ஹெச்எல் தளம் ஏறத்தாழ 26 மீட்டர். அகலமான தளத்தில் ஒரு நொடி யோசித்துப் பாஸ் கொடுப்பவருக்குக் குறுகிய தளத்தில் அந்த நொடி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும்.

பக் (ரப்பர் வட்டு) கையில் இருக்கும்போது மட்டும் பார்ப்பது

என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். ஓர் இளம் தற்காப்பு ஆட்டக்காரரைப் பற்றி அதிகம் சொல்லும் தருணம், அவர் பக்கைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு நொடிகள். எதிரணி மையக்கோட்டைத் தாண்டியதும் பக்கை மூலைக்கு அடித்துவிட்டு, ஒருவரோ இருவரோ முழு வேகத்தில் விரட்டி வருகிறார்கள். நம் ஆட்டக்காரர் திரும்பி, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியபடி மூலைக்குப் போகிறார். அந்தப் பத்துப் பதினைந்து மீட்டருக்குள் அவர் தோளுக்கு மேல் எத்தனை முறை திரும்பிப் பார்க்கிறார்? ஒரு முறை பார்ப்பவர் விரட்டி வருபவரைக் கண்டுகொள்கிறார். இரண்டாம் முறையும் பார்ப்பவர், வருபவர் எந்தப் பக்கமிருந்து வருகிறார், தன் இணை எங்கே நிற்கிறார், ஓரச் சுவரருகே முன்கள ஆட்டக்காரர் வந்து சேர்ந்தாரா என்பதையும் அறிந்துகொள்கிறார். பிறகு, ஒரு பக்கம் போவதுபோல் தோளைச் சாய்த்து விரட்டி வருபவரை அந்தப் பக்கம் இழுத்துவிட்டு, மறுபக்கம் வெளியேறுகிறாரா? பக்கைத் தொட்டவுடனேயே பாஸ் கொடுக்கும் நிலையில் அவர் உடல் இருக்கிறதா, அல்லது தொட்ட பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறாரா? எந்தத் திட்டமும் இல்லாமல் சுவரில் ஓங்கி அடித்துப் பக்கை வெளியேற்றுபவர் ஜூனியர் ஆட்டத்தில் தப்பித்துவிடுவார். விரட்டி வருபவர்கள் விரைவானவர்களாகவும் வலிமையானவர்களாகவும் இருக்கும் என்ஹெச்எல்லில் அதே அடி எதிரணியின் கைக்கே திரும்பி வரும்.

நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியின் ஆடம் ஃபாக்ஸ் இதற்குப் பொருத்தமான சான்று. கால்வேகத்தால் பெயர் பெற்றவர் அல்லர்; 2016-இல் கால்கரி ஃப்ளேம்ஸ் அணி 66-ஆவது இடத்தில்தான் எடுத்தது. ஆட்டம் அடுத்து எங்கே போகும் என்று முன்கூட்டியே படிக்கும் திறனால் அவர் 2021-இல் நோரிஸ் கோப்பையை வென்றார். அந்தத் திறன் 18 வயதிலும் கண்ணுக்குத் தெரியக்கூடியதுதான், பார்க்க வேண்டிய இடத்தில் பார்த்தால்.

தொலைக்காட்சி ஒளிபரப்பை மட்டும் நம்பினால் இது பிடிபடாது, ஏனென்றால் கேமரா பக்கையே பின்தொடர்கிறது. நேரில் போய், அரங்கின் உயரமான இருக்கையில் அமர்ந்து, ஓர் ஆட்டத்தின் ஒரு பகுதி முழுவதும் பக்கை விட்டுவிட்டு அந்த ஒருவரை மட்டும் பார்ப்பது எந்தத் தொகுப்புக் காணொளியையும் விட அதிகம் கற்றுத்தரும். டொராண்டோ வட்டாரத் தமிழர்களுக்கு ஓஷாவா, பிராம்ப்டன் ஜூனியர் அணிகளின் அரங்குகள் பக்கத்திலேயே இருப்பதால் அவர்களுக்கு இது கைக்கெட்டிய வாய்ப்பு. சொந்த ஊர் ஆட்டங்களை மட்டும் பார்ப்பதும் போதாது. உள்ளூர் அணியின் பயிற்சியாளருக்கே கடைசியாக ஆட்களை மாற்றும் உரிமை இருப்பதால், அவர் தம் இளம் ஆட்டக்காரரை எதிரணியின் சிறந்த முன்கள வரிசையிடமிருந்து காப்பாற்றிவிட முடியும். வெளியூர் ஆட்டத்தில் அந்தப் பாதுகாப்பு இல்லை. தொடர்ந்து மூன்று நாள் மூன்று ஆட்டங்கள் ஆடும் வாரயிறுதியின் கடைசிப் பகுதியில், கால்கள் சோர்ந்த பிறகு அவர் எடுக்கும் முடிவுகளையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

பின்வாங்குவதைப் பொறுப்பென்று நினைப்பது

எதிரணி ஆட்டக்காரர் பக்குடன் வேகமாக வருகிறார். நம் இளைஞர் பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே தன் பகுதியின் நீலக்கோட்டைத் தாண்டி, கோலுக்கு அருகில் வரை பின்வாங்குகிறார். யாரும் அவரைக் கடந்து போகவில்லை, கோலும் விழவில்லை. அறிக்கையில் 'பொறுப்பான ஆட்டம்' என்று எழுதப்படுகிறது. உண்மையில் அவர் நீலக்கோட்டைச் சண்டையின்றி விட்டுக்கொடுத்துவிட்டார். எதிரணி கட்டுப்பாட்டுடன் உள்ளே வந்து தன் விருப்பப்படி ஆட்டத்தை அமைத்துக்கொள்ள அவர் வழிவிட்டார். இதற்கு மாறாக, இடைவெளியை ஒரு ஸ்டிக் நீளத்துக்குச் சுருக்கி, நீலக்கோட்டிலேயே எதிராளியைச் சுவரை நோக்கித் தள்ளுபவர், ஓர் இரவில் எட்டு முறை வென்று இரண்டு முறை தோற்றால், அந்த இரண்டும்தான் எல்லோர் நினைவிலும் நிற்கும். முயற்சிகள் அத்தனையையும் எண்ணாமல் தோல்விகளை மட்டும் எண்ணுவது நேர்மையான மதிப்பீடு ஆகாது. அதே சமயம், முன்கள ஆட்டக்காரர்கள் பின்னால் ஓடி வந்து உதவாத அணியில் ஆடுபவர் பின்வாங்குவதைத் தவிர வேறு வழியில்லாதவராக இருக்கலாம்; பயிற்சியாளரே அப்படி ஆடச் சொல்லியிருக்கலாம். அவரைக் குறைத்து எழுதுவதற்கு முன் இதை விசாரித்தறிவது மதிப்பிடுபவரின் கடமை.

அரங்கம் அதிரும் உடல் மோதலையும் இதே கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும். மோதலுக்குப் பிறகு பக் யாரிடம் இருக்கிறது, மோதப் போனதால் அவர் விட்டுவந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அதைப் பலமாக எழுதக் கூடாது. ஸ்லேவின் 2020–21 பருவத்தில் 52 ஆட்டங்கள் ஆடி, மொத்தம் 2 நிமிடத் தண்டனை மட்டுமே பெற்றார். எதிரணியின் தலைசிறந்த வரிசைகளுக்கு எதிராக ஆடிக்கொண்டே, ஸ்டிக்கைச் சரியான இடத்தில் வைப்பதன் மூலமே அவர் இதைச் செய்தார்.

ஸ்கேட்டிங், உயரம், வயது

'நன்றாக ஸ்கேட் செய்கிறார்' என்ற வாக்கியத்தால் எந்தப் பயனும் இல்லை. நேராக முன்னோக்கிப் போகும் வேகம் தற்காப்பு ஆட்டக்காரருக்குத் தேவையானவற்றுள் ஒன்று மட்டுமே. நின்ற நிலையிலிருந்து முதல் மூன்று அடிகள், பின்னோக்கிய ஓட்டத்திலிருந்து முன்னோக்கித் திரும்பும்போது வேகம் குறைகிறதா, இடப்புறமும் வலப்புறமும் ஒரேபோல் திரும்ப முடிகிறதா, நீலக்கோட்டின் மீது பக்கவாட்டில் நகரும்போது தலை நிமிர்ந்திருக்கிறதா என்பவற்றைத் தனித்தனியே எழுத வேண்டும். முழங்காலை வளைக்காமல் நிமிர்ந்து ஸ்கேட் செய்வது நல்ல பயிற்சியாளரிடம் பெரும்பாலும் திருந்தக்கூடிய குறை. கால்களின் இயல்பான விரைவு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ரைன்ஹார்ட் விஷயத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட காரணம் இதுவே. ஜூனியர் ஆட்டத்தில் உயரமும் நிதானமும் மறைத்திருந்த மந்தத்தை என்ஹெச்எல்லின் வேகம் வெளிக்கொண்டு வந்தது. டிராஃப்ட்டுக்கு முன் பஃபலோவில் நடக்கும் என்ஹெச்எல் உடற்தகுதிச் சோதனை முகாமில் வீரர்கள் பனித்தளத்தில் இறங்குவதே இல்லை என்பதால், அங்கே மிதிவண்டியில் எடுத்த எண்கள் இதற்கு விடை தராது.

உயரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 206 சென்டிமீட்டர் உயரமான ஸ்டெனோ சாரா 1996-இல் 56-ஆவது இடத்தில் போனார். 5 அடி 9 அங்குல லேன் ஹட்சன் 2022-இல் 62-ஆவது இடத்தில் போனார். முன்னவர் நோரிஸ் கோப்பையை வென்றார். பின்னவர் 66 புள்ளிகளுடன் 2025-இல் சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்றார்.

வயதை ஆண்டுக் கணக்கில் மட்டும் பார்ப்பது அதைவிட ஆபத்தானது. டிராஃப்ட் ஆண்டின் செப்டம்பர் 15-க்குள் 18 வயது நிறைபவர்கள் தகுதி பெறுகிறார்கள் என்பதால், முதன்முறையாகத் தகுதி பெறும் இருவருக்கிடையே ஏறக்குறைய ஓர் ஆண்டு வித்தியாசம் இருக்கலாம். 1999 அக்டோபரில் பிறந்த குவின் ஹியூஸ், 2018 டிராஃப்ட்டின்போது 18 வயதும் எட்டு மாதமும் நிரம்பியவர். 2007 செப்டம்பர் 5-இல் பிறந்த மேத்யூ ஷேஃபர், 2025-இல் முதலிடத்தில் அழைக்கப்பட்டபோது இன்னும் 17 வயதினர். ஷேஃபர் அந்தப் பருவத்தில், உலக ஜூனியர் போட்டியில் காறையெலும்பு முறிந்ததும் ஒரு காரணமாக, ஒன்டாரியோவின் ஜூனியர் லீக்கான ஓஹெச்எல்லில் 17 ஆட்டங்களே ஆடினார். குறைவான ஆட்டங்கள் என்பதற்காக அவரை எடுத்த ஐலண்டர்ஸ் தயங்கவில்லை; அந்த 17-இலும் அதற்கு முந்தைய ஆண்டிலும் பார்த்தது போதுமானதாக இருந்தது. தற்காப்பில் ஆடுபவர்கள் தாமதமாகவே முதிர்கிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும். எந்த அணியும் டிராஃப்ட்டில் எடுக்காத மார்க் ஜியோர்டானோ, 35-ஆவது வயதில் 2019-இன் நோரிஸ் கோப்பையை வென்றார்.

அறிக்கை எழுதும்போது

பலவீனத்தைப் பெயரளவில் எழுதுவது பரவலான குறை. 'தற்காப்பில் கவனம் தேவை' என்ற வரியைப் படிக்கும் தலைமை ஸ்கவுட்டால் எதையும் தீர்மானிக்க முடியாது. 'தன் கோலுக்கு முன்னால், பக் எதிர் மூலையில் இருக்கும்போது, பக்கையே பார்த்துக்கொண்டு நின்று, முதுகுக்குப் பின்னால் வரும் ஆளை விட்டுவிடுகிறார். அக்டோபரில் அடிக்கடி நடந்தது, பிப்ரவரியில் அரிது' என்று எழுதினால், குறை எது, எப்போது நிகழ்கிறது, அது குறைந்துவருகிறதா என்ற மூன்றும் தெரிந்துவிடும். பருவத்தின் தொடக்கத்தில் ஒரு முறையும் பின்பகுதியில் ஒரு முறையும் பார்க்காமல் இப்படி எழுத முடியாது. ஏப்ரலில் நடக்கும் 18 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியின் ஒரு நல்ல வாரத்தை வைத்து, முந்தைய ஆறு மாதக் குறிப்புகளை மாற்றி எழுதுவதும் கூடாது.

எல்லோரையும் முதல் இணையின் அளவுகோலால் அளப்பதையும் விட வேண்டும். ஓர் ஆட்டத்தில் வழக்கமாக 6 தற்காப்பு ஆட்டக்காரர்கள், மூன்று இணைகளாகக் களமிறங்குகிறார்கள். ஆள் குறைந்த நேரத்தில் ஷாட்டுகளைத் தடுத்து, முதல் பாஸைப் பிழையின்றிக் கொடுத்து, ஆட்டத்துக்குப் பதினைந்து நிமிடங்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய மூன்றாம் இணை ஆட்டக்காரர், நான்காம் சுற்றில் கிடைத்தால் நல்ல தேர்வு. அவர் எந்த வேலைக்குப் பொருந்துவார், அந்த நிலையை எட்ட அவருக்கு எத்தனை ஆண்டுகள் ஆகலாம் என்ற கணிப்பையும் ஸ்கவுட் அறிக்கையிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.