பழைய விறகு பாய்லரா? விலைக்கு முன்னால் எடை

கும்பகோணம் பக்கம் பழைய செம்பு வெந்நீர் பாய்லர் வாங்குவதானால், அன்றைய பழைய செம்பு விலையை முதலில் பாத்திரக் கடையில் கேட்டுக்கொள்ளுங்கள். பேரம் அங்கிருந்துதான் தொடங்கும். தணல் நிற்கும் அடிச்சல்லடை, கால் எல்லாம் இரும்பென்றால் கழற்றிவிட்டு எடை போடச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டினால் செம்பில்லை. பித்தளையோ என்று சந்தேகமா? மூலையில் அரத்தால் ஓர் இழுப்பு. மஞ்சள் தெரிந்தால் பித்தளை, விலையும் குறைவு.

பிறகு தண்ணீர் நிரப்பி அரைமணி நேரம் வையுங்கள். ஒழுகுவது பெரும்பாலும் தீ எரியும் நடுக்குழாய் அடியோடு சேரும் பற்றுவைப்பில்தான். தண்ணீரில்லாமல் எரித்தால் அங்கேதான் விட்டுப்போகும். மேலிருந்து டார்ச் அடியுங்கள், குழாயின் உள்பக்கம் ஈரம் தெரிந்தால் ஓட்டை. பற்றுவைக்கும் கூலியைக் கழித்துக் கேளுங்கள். வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் ஓடியதென்றால் உள்ளே கையை விட்டுச் சுரண்டிப் பாருங்கள். படிந்த உப்பும் செம்பு விலைக்கே எடையேறும்.