மகாபொல படிவத்தில் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

இந்த முறையும் கிளிநொச்சியில் ஐந்தாறு பிள்ளைகள் மகாபொல (பல்கலைக்கழக மாணவருக்கான உதவித்தொகை) படிவத்தோடு வீட்டுக்கு வந்தார்கள். அன்று நான் விட்ட பிழையை அச்சொட்டாக விட்டிருந்தார்கள். கையெழுத்து மறந்தது, அடையாள அட்டை இலக்கம் பிசகியது எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

"இசட் ஸ்கோர் நல்லாயிருக்கு, கட்டாயம் வரும்"

மெரிட்டில், அதாவது உயர்தர இசட் ஸ்கோரை வைத்து, எடுபடுபவர்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்களுக்கு வீட்டு நிலைமைதான் கணக்கு.

சகோதரர் பகுதியை வெறுமையாக விடுவது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வரும். அப்பாவின் வருட வருமானத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பதில்லை. அந்தக் காசில் எத்தனை பேர் படிக்கிறார்கள், வீட்டிலிருந்து கம்பஸ் எவ்வளவு தூரம் என்பதையும் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் தம்பி, தங்கச்சி இருவரும் பள்ளிக்கூடம். அக்கா மட்டக்களப்பில் பல்கலைக்கழகம். "விண்ணப்பிப்பது நான், அவர்கள் எதற்கு?" என்று அந்தப் பகுதியில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டியது அதிபரிடம் இரண்டு கடிதம், அக்காவின் பல்கலைக்கழகப் பதிவாளரிடம் ஒன்று. எடுத்திருந்தால் ஒரு கிழமை அலைச்சல்தான்.

பட்டியலில் என் பெயர் இல்லை. பக்கத்து வளவுப் பெடியனுக்குக் கிடைத்தது. இரண்டு வீட்டுக்கும் இரணைமடுத் தண்ணீரில் ஒரேயளவு வயல், ஒரேயளவு வருமானம். அவன் கடிதங்களை இணைத்திருந்தான், அவ்வளவுதான். நான் விசாரித்து விஷயத்தைப் பிடிப்பதற்குள் மேன்முறையீட்டு நாளும் போய்விட்டது. அப்போது மாதம் 5,000 ரூபாய், வருடத்துக்கு 10 தவணை. நான்கு வருடத்தில் 2 இலட்சம்! 2025இல் மகாபொல 7,500, பர்சரி (மகாபொல கிடைக்காதவர்களுக்கான உதவித்தொகை) 6,500 என்று கூட்டியிருக்கிறார்கள். இப்போது அந்தக் கோட்டை இழுத்தால் நட்டம் இன்னும் பெரிது.

தம்பி தங்கச்சியின் பிறப்புச் சான்றிதழ் 2009 இடப்பெயர்வில் தொலைந்திருந்தால், பிரதேச செயலகத்தில் பிரதி எடுக்க இப்போதே போங்கள்.

அப்பா இல்லாத வீடு

காணாமல் போனவர் என்றால் வருமானப் பகுதியைச் சும்மா விடாதீர்கள். நிலைமையை எழுதி, கிராம அலுவலரின் கடிதத்தை இணையுங்கள். அம்மாவின் கூலி வேலையையும் மறைக்க வேண்டாம்.

வயல் வருமானம்

காலபோகத்தை மட்டும் எழுதிவிட்டுச் சிறுபோகத்தை விழுங்குகிறார்கள். சான்றிதழில் ஒப்பமிடும் ஜீ.எஸ்ஸுக்கு (கிராம அலுவலருக்கு) உங்கள் வயல் தெரியாதா?

அஸ்வெசும கிடைக்கிறதே?

அது அரசின் நலன்புரிக் கொடுப்பனவு. அது வேறு, இது வேறு.

வங்கிக் கணக்கு

உங்கள் பெயரில். அப்பாவின் புத்தகம் சரிவராது.