சி மொழியில் கலப்பெண்கள்: கற்பனைப் பகுதியைத் தொலைக்காமல் எழுதுவது

சி மொழியின் 1999-ஆம் ஆண்டுத் தரமான சி99-இலிருந்தே கலப்பெண் (மெய்ப்பகுதியும் கற்பனைப் பகுதியும் சேர்ந்த எண்) மொழிக்குள் இருக்கிறது. கம்ப்ளெக்ஸ்.ஹெச் கோப்பைச் சேர்த்துக்கொண்டு இப்படி அறிவித்தால் போதும் (ஐ என்பது -1-இன் வர்க்கமூலம்):

டபுள் கம்ப்ளெக்ஸ் இசட் = 3.0 + 4.0 * ஐ;

வெறும் 'கம்ப்ளெக்ஸ்' என்று விடாமல் முன்னால் டபுள் போடுங்கள். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் வழக்கமான குறிகளே. சமமா என்று ஒப்பிடலாம். பெரிது சிறிது பார்க்க முடியாது, கம்பைலர் பிழை காட்டும்.

பிழை காட்டாத இடத்தில்தான் ஆபத்து. மட்டு (கலப்பெண்ணின் அளவு) வேண்டுமென்று பழக்கதோஷத்தில் ஃபேப்ஸ்(இசட்) எழுதினால் 5 வராது, 3 வரும். டபுள் கேட்கும் ஃபங்ஷனுக்குக் கலப்பெண்ணைக் கொடுத்தால் கற்பனைப் பகுதியைச் சத்தமில்லாமல் உதறிவிட்டு மெய்ப்பகுதியை மட்டும் அனுப்புவது சி மொழியின் விதி. ஜிசிசி கம்பைலரில் -வால் என்ற எச்சரிக்கை விருப்பம் இதைக் கண்டுகொள்வதில்லை. -டபிள்யூகன்வெர்ஷன் சேர்த்தால் எச்சரிக்கும். எழுத வேண்டியது சிஏப்ஸ்(இசட்). வர்க்கமூலத்துக்கும் அப்படியே: எஸ்க்யூஆர்டி(-1.0) கொடுப்பது 'நேன்' (எண்ணே அல்ல என்ற மதிப்பு), சிஎஸ்க்யூஆர்டி(-1.0) கொடுப்பது ஐ. வீச்சுக்கு (கலப்பெண்ணின் கோணத்துக்கு) சிஆர்க், விடை -π முதல் +π வரை, ரேடியனில். இணையெண்ணுக்கு கான்ஜ்.

பிரின்ட்எஃப்-இல் கலப்பெண்ணுக்கென்று தனிக் குறியீடு கிடையாது. சிரியல்(இசட்), சிஇமேக்(இசட்) என்று இரண்டையும் பிரித்துக் கொடுங்கள். இரண்டாவதற்கு %+.2எஃப் வைத்தால் கூட்டலோ கழித்தலோ தானாக வந்து 3.00+4.00 என ஒட்டி நிற்கும். ஸ்கேன்எஃப்-இலும் இரண்டு டபுளாக வாங்கித்தான் சேர்க்க வேண்டும்.

சேர்க்கும்போது ஒரு நுணுக்கம். ஜிசிசி-யில் தனிக் கற்பனை வகை இல்லை. ஐ என்பதே 0+1ஐ என்ற கலப்பெண்தான். அதனால் முடிவிலியை ஐ-யால் பெருக்கினால் மெய்ப்பகுதியில் முடிவிலி × 0 நடந்து 'நேன்' உட்கார்ந்துகொள்ளும். சி11-இல் வந்த சிஎம்பிஎல்எக்ஸ்(மெய், கற்பனை) மேக்ரோ பெருக்கலே செய்யாமல் இரண்டையும் அப்படியே வைக்கிறது. எண்கள் வெளியிலிருந்து வந்தால் இதுதான் பாதுகாப்பு.

மின்னோட்டத்துக்கோ அலகு அணிக்கோ பெரிய எழுத்து ஐ-யை மாறியாக வைத்திருந்தால் கம்ப்ளெக்ஸ்.ஹெச் தரும் ஐ என்ற மேக்ரோவோடு மோதும், பிழைச்செய்தியும் தலைகால் புரியாமல் வரும். #அன்டெஃப் ஐ போட்டுவிட்டு _கம்ப்ளெக்ஸ்_ஐ பயன்படுத்துங்கள்.

லினக்ஸில் 'சிஎஸ்க்யூஆர்டி இல்லை' என்று லிங்கர் புலம்பினால் கட்டளையின் கடைசியில், கோப்புப் பெயருக்குப் பின்னால், கணித நூலகத்தை இணைக்கும் -எல்எம் சேருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் இந்த வகையே கிடையாது; அங்கே _டிகம்ப்ளெக்ஸ் என்பது ஒரு ஸ்ட்ரக்ட், அதற்குப் பெருக்கல் குறி வேலை செய்யாது.