எதிரில் உட்கார ஆள் வேண்டும்: போட்டிக் கார்டு விளையாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணே, எந்த பாக்ஸ் வாங்கலாம்?” போகிமான், யூ-கி-ஓ, மேஜிக் போன்ற போட்டிக் கார்டு விளையாட்டில் இறங்க ஆசைப்படும் பையன்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். உச்சிப்புளியில் கேட்டாலும் தொண்டியில் கேட்டாலும் கேள்வி மாறுவதில்லை. நான் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான்: “உன்னோடு ஆட யார் இருக்கிறார்கள்?” சென்னையிலோ பெங்களூரிலோ இந்தக் கேள்விக்கு அவசியம் இருக்காது. எங்கள் ராமநாதபுரம் கரையில் கார்டு தபாலில் வந்துவிடும். எதிரில் உட்கார ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். இங்கே நடக்கிற தவறுகளில் பாதி, இதை மறந்துவிட்டுத் தொடங்குவதால் வருபவை.

மூடிய பாக்கெட்டுகளை வாங்கிக் குவிப்பது முதல் தவறு. கீழக்கரைப் பக்கம் இது அதிகம், ஏனென்றால் வளைகுடாவிலிருந்து யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் ஆனது. துபாயிலிருந்து மாமா ஒரு பாக்ஸ் போகிமான் கொண்டுவந்தார், 36 பாக்கெட். ஒரே இரவில் எல்லாவற்றையும் பிரித்தேன். அழகான கார்டுகள் நிறையக் கிடைத்தன, ஒரு டெக் (ஆடுவதற்கென்று கட்டும் கார்டுக் கட்டு) தேறவில்லை. பாக்கெட்டுக்குள் என்ன வரும் என்பது அதிர்ஷ்டம். போட்டிக்கான டெக்கோ ஒரே கார்டின் நான்கு பிரதிகளைக் கேட்கும்.

நான்கு பிரதி ஏன் என்பதைக் கணக்காகப் பார்த்தால் புரியும். போகிமானில் டெக் சரியாக 60 கார்டு, முதலில் கையில் எடுப்பது 7. ஒரு கார்டு டெக்கில் ஒன்றே ஒன்று இருந்தால், முதல் கையிலேயே அது வர நூற்றுக்குப் 12 வாய்ப்புகூட இல்லை. நான்கு வைத்தால் ஏறத்தாழ 40. பிடித்த கார்டுகளில் ஒவ்வொன்றாக 60 சேர்த்துக் கட்டிய டெக், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். அதை வைத்துப் பழகவே முடியாது. அதனால் வேண்டிய கார்டுகளைத் தனித்தனியாக விலைக்கு வாங்குங்கள். தொடக்கத்தில் அதுகூட வேண்டாம். கட்டித் தயாராக வரும் லீக் பேட்டில் டெக் ஒன்று வாங்கினால் அன்றைக்கே ஆடலாம். இரண்டு வாங்கி ஒன்றை நண்பனிடம் கொடுத்தால், உங்கள் ஊரில் ஆட்டம் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இதே கணக்கின் இன்னொரு முகம் யூ-கி-ஓவில் தெரியும். அங்கே மெயின் டெக் 40 முதல் 60 கார்டு வரை இருக்கலாம், ஒரே கார்டு மூன்றுக்கு மேல் கூடாது. புதியவர்கள் எதையும் விட மனமில்லாமல் 60 வரை நிரப்பிவிடுவார்கள். மூன்று பிரதி வைத்த ஒரு கார்டு, ஐந்து கார்டு முதல் கையில் வரும் வாய்ப்பு 40 கார்டு டெக்கில் 34 சதவீதம், 60 கார்டு டெக்கில் 23. விட வேண்டியதை விடுவதுதான் டெக் கட்டுவதில் பாதி வேலை.

பழைய கார்டுகளை விசாரிக்காமல் வாங்குவதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போகிமானில் ஸ்டாண்டர்ட் என்ற வகைப் போட்டியில் கார்டின் கீழே இடது மூலையில் இருக்கும் சின்ன ஆங்கில எழுத்தைப் பார்ப்பார்கள். பழைய எழுத்துகள் காலப்போக்கில் வெளியே போய்விடும். யூ-கி-ஓவில் ஆசியாவுக்கென்று அச்சாகும் ஆங்கிலக் கார்டுகள், மேற்கத்திய விதிப்படி நடக்கும் போட்டிகளில் செல்லாது. எந்த விதிப்படி ஆடப்போகிறோம் என்பதைக் குழுவாக முடிவு செய்துவிட்டு அப்புறம் காசு எடுங்கள்.

அடுத்து நான் சொல்லப்போவது கார்டைப் பற்றியது இல்லை, மனசைப் பற்றியது. நம் ஊர் கடைகளில் தங்க நிறத்தில் பளபளவென்று ஒரு போகிமான் கட்டு தொங்கும். அது போலி. எழுத்து தடித்திருக்கும், பின்பக்க நீலம் சரியாக இருக்காது, போகிமான் என்ற பெயரில் ஆங்கில ‘ஈ’ எழுத்தின் மேல் இருக்க வேண்டிய சாய்ந்த கோடு காணாமல் போயிருக்கும். ஆனால் தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி வரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதுதான் சேர்த்துவைத்த சொத்து. நாங்கள் சேர்ந்து ஆடும் கூட்டத்தின் முதல் மாதத்தில் ஒரு பெரிய பையன், எல்லோர் முன்னாலும் “இதெல்லாம் டூப்ளிகேட்” என்று சொல்லிச் சிரித்துவிட்டான். அந்தப் பிள்ளை அப்புறம் வரவே இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்தபோதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். போலிக் கார்டோடு வரும் பிள்ளையிடம் “அதைப் பத்திரமாகப் பையில் வை தம்பி, இன்றைக்கு என் டெக்கில் ஆடு” என்று உண்மையான டெக் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுவோம். ஆடி முடிக்கும்போது தொட்டுப் பார்த்த வித்தியாசத்தை அவனே சொல்வான். இரவலுக்கென்று மூன்று டெக் எப்போதும் தயாராக இருக்க வேண்டும். புதுக் கார்டு வாங்கக் காசு இருந்தால் அதை இதில் போடுங்கள்.

பழகுவதற்கு மட்டும், இல்லாத கார்டின் பெயரைத் தாளில் எழுதி, கார்டைப் பாதுகாக்கும் பிளாஸ்டிக் உறையில் செருகி ஆடலாம், தப்பில்லை. முறையான போட்டியில் அது செல்லாது.

பெரியவர்களிடம் மறைப்பது இன்னொரு தவறு. நம் பக்கம் ‘சீட்டு’ என்ற சொல்லைக் கேட்டாலே ரம்மியும் காசும்தான் நினைவுக்கு வரும். அந்தப் பயம் சும்மா வந்ததில்லை. சீட்டில் காசு விட்ட வீடுகளின் கஷ்டத்தைப் பார்த்த ஊர் இது. சூதாட்டத்துக்கு எதிராக 1930-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே கொண்டுவந்தது. பூட்டிய அறைக்குள் பத்துப் பையன்கள் கார்டோடு உட்கார்ந்தால் அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்கள்? அதனால் கதவைத் திறந்து வைத்து ஆடுங்கள். இடம் தருபவரையும் பிள்ளைகளின் அம்மா அப்பாவையும் ஒருநாள் கூப்பிட்டு உட்கார வைத்து ஓர் ஆட்டத்தைக் காட்டுங்கள். மேஜையில் காசு வைக்காதீர்கள், பந்தயம் என்ற பேச்சே வேண்டாம். டீக்கும் இடத்துக்கும் பங்கு போடுவதாக இருந்தால் கணக்கை எல்லோருக்கும் தெரியும்படி எழுதி வையுங்கள். பெண் பிள்ளைகள் வர ஆரம்பித்ததே எங்கள் கதவு திறந்த பிறகுதான். மாலை 4 மணிக்குத் தொடங்கி இருட்டுவதற்குள் முடிப்பதும் அதற்கு உதவியது.

சரி, காற்றைப் பற்றிப் பேசாமல் இந்தக் கரையில் எதையும் பேச முடியாது. கடற்கரையில் உட்கார்ந்து ஆடினால் படம் அழகாக வரும், கார்டுதான் பாழாகும். மணல் உறையில் கீறும். கீறல் விழுந்த உறையைப் பின்பக்கத்திலிருந்தே அடையாளம் கண்டுபிடிக்கலாம், போட்டியில் அது அடையாளமிட்ட கார்டாகக் கணக்காகும். மினுங்கும் ஃபாயில் கார்டுகளுக்கு ஈரம் பெரிய எதிரி. தாள் ஈரத்தை உறிஞ்சி விரியும், மேலே ஒட்டிய படலம் விரியாது, அதனால் கார்டு வளைந்துவிடும். அறுபதில் நான்கு மட்டும் வளைந்திருந்தால் கட்டை வெட்டும்போதே விரலுக்குத் தெரிந்துவிடும். முடிந்தவரை ஃபாயில் இல்லாத பிரதியை டெக்கில் வையுங்கள். மூடி இறுகும் டப்பாவில் இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். அதிகம் போட்டால் காய்ந்து எதிர்ப்பக்கம் வளையும். உறை வாங்கும்போது அளவைப் பாருங்கள்: போகிமானும் மேஜிக்கும் 63-க்கு 88 மில்லிமீட்டர், யூ-கி-ஓ 59-க்கு 86. பனை ஓலைப் பாயில் ஆடினால் கார்டை எடுக்கவே முடியாது, மேலே ஒரு ஜமுக்காளத்தை விரித்துக்கொள்ளுங்கள்.

விதிகளைச் சொல்லிக்கொடுப்பதில் நாங்கள் செய்த பெரிய பிழை, கார்டில் இருக்கும் ஆங்கிலத்தை வேகமாக வாசித்துவிட்டுப் போவது. தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் தலையாட்டுவார்கள், கேட்க மாட்டார்கள். இப்போது அடிக்கடி வரும் சொற்றொடர்களைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அப்படி எழுத உட்கார்ந்தபோதுதான் எங்களுக்கே சில விஷயங்கள் விளங்கின. போகிமான், மேஜிக் கார்டுகளில் ஆங்கிலத்தில் ‘மே’ (may) என்று இருந்தால் ‘செய்யலாம்’, அது இல்லாவிட்டால் ‘செய்தே ஆக வேண்டும்’. இந்த ஒரு ‘லாம்’ ஆட்டத்தையே மாற்றும். யூ-கி-ஓவில் ‘இஃப்’ என்று தொடங்கும் விளைவும் ‘வென்’ என்று தொடங்கும் விளைவும் ஒன்றில்லை. விருப்பப்பட்டால் செய்யலாம் என்று ‘வென்’ சொல்லும் விளைவை, அந்தச் சம்பவம் கடைசியாக நடந்ததாக இருந்தால் மட்டுமே பயன்படுத்த முடியும். அதற்குப் பின் வேறொன்று நடந்துவிட்டால் வாய்ப்பு போய்விடும். பேச்சில் இரண்டையும் ‘வந்தால்’ என்றே சொல்லிவிடுகிறோம், சண்டை அங்கேதான் பிறக்கிறது. ஒன்றை ‘வந்தால்’ என்றும் மற்றதை ‘வந்த உடனே’ என்றும் எழுதினோம். அந்தச் சண்டை குறைந்தது.

போனில் பழகுவது நல்லதுதான். போகிமான் டிசிஜி லைவ், யூ-கி-ஓ மாஸ்டர் டூயல், மேஜிக் அரீனா மூன்றையும் காசு கொடுக்காமல் ஆடலாம். ஆனால் போகிமான் பாக்கெட் என்ற ஆப்பில் டெக் 20 கார்டுதான், அதன் விதிகளும் வேறு. அதை மட்டும் ஆடிவிட்டு மேஜைக்கு வந்தால் தடுமாற்றம்தான். இன்னொன்று, போனில் விதியைக் கருவி பார்த்துக்கொள்ளும். மேஜையில் உங்கள் கார்டின் விளைவை நீங்கள்தான் நினைவு வைத்துச் சொல்ல வேண்டும்.

போட்டி நடத்தும்போது ஊரில் எல்லோரும் போவது நாக் அவுட் பக்கம். கபடியும் கிரிக்கெட்டும் பார்த்து வளர்ந்த பழக்கம். எட்டுப் பேர் வைத்து நாக் அவுட் நடத்திப் பாருங்கள். முதல் சுற்று முடிந்ததும் நான்கு பேருக்கு வேலை இல்லை. தொண்டியிலிருந்து பஸ் மாறி வந்தவர் ஒரே ஆட்டம் ஆடிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அடுத்த வாரம் அவர் ஏன் வர வேண்டும்? அதற்குத்தான் ஸ்விஸ் முறை இருக்கிறது. 2022-இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட் 11 சுற்று ஸ்விஸ்தான். தோற்றாலும் யாரும் வெளியே போவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சமமான புள்ளி உள்ளவர்கள் மோதுவார்கள், ஒருமுறை மோதியவர்கள் மறுபடி மோத மாட்டார்கள். எட்டுப் பேர் என்றால் மூன்று சுற்று, பதினாறு என்றால் நான்கு. எட்டுப் பேர் நாக் அவுட்டில் மொத்தம் 7 ஆட்டம், ஸ்விஸ்ஸில் 12. மூன்றும் வென்றவர் ஒருவர் தானாகத் தெரிவார். அதைவிட எனக்கு முக்கியம், முதல் ஆட்டத்தில் தோற்றவர் மூன்றாவது சுற்றில் தன்னைப் போன்ற ஒருவரோடு ஆடி, ஒரு வெற்றியோடு வீட்டுக்குப் போக வாய்ப்பு இருப்பது. ஆள் ஒற்றைப்படையில் வந்தால் ஒரு சுற்றுக்கு ஒருவர் சும்மா இருந்து புள்ளி வாங்குவார். அது கீழ்ப்புள்ளியில் இருப்பவருக்குப் போகட்டும், ஒரே ஆளுக்கு இரண்டு முறை கொடுக்காதீர்கள். சுற்றுக்கு 30 நிமிடம், ஒரே ஆட்டம் என்று வைத்தால் மூன்று சுற்றும் இரண்டு மணி நேரத்தில் முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.

நேரம் முடிந்தும் முடிவு வராவிட்டால் டைஸ் உருட்டி வென்றவரைத் தீர்மானிக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. மேஜிக் போட்டிகளில் அப்படிச் செய்தால் கடுமையான தண்டனை உண்டு. பரிசைப் பங்கு தருகிறேன், விட்டுக்கொடு என்று கேட்பதற்கும் தண்டனை உண்டு. வீட்டுக் கூட்டத்தில் இதைப் பழகிக்கொண்டு வெளியூர் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

கார்டைக் கலைப்பதும் அப்படித்தான். போகிமானில் தாக்குவதற்குத் தேவைப்படும் எனர்ஜி கார்டுகளையும் மற்றதையும் சீராக மாற்றி மாற்றி அடுக்கிவிட்டு, பெயருக்கு இரண்டு தட்டு தட்டுவார்கள். அதற்கப்புறம் நன்றாகக் கலைத்தால் அடுக்கியது வீண், கலைக்காவிட்டால் அது ஏமாற்று. 52 கார்டுக் கட்டு சரியாகக் கலைய ஏழு முறை பிரித்துச் செருகிக் கலைக்க வேண்டும் என்று பேயர், டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் 1992-இல் காட்டினார்கள். 60-க்கு ஒன்றிரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள், முடித்ததும் கட்டை எதிராளியிடம் வெட்டக் கொடுங்கள். கொடுப்பது மரியாதை. அதை வாங்கி வெட்டுவது எதிராளியைச் சந்தேகிப்பது ஆகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சின்னப் பிள்ளைகளிடம் கார்டு மாற்றும் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். விலை தெரிந்த பெரியவர், தெரியாத பிள்ளையிடம் மாற்றிக்கொள்வது வியாபாரம் ஆகாது. எங்கள் கூட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் மாற்ற வேண்டுமென்றால், விலையை இருவர் முன்னால் பார்த்துச் சொல்லிவிட்டு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். கீழக்கரைத் தம்பி ஒருவன் “காக்கா (அண்ணா), ஒரு வாரம் ரொம்பக் கூடுதல்” என்றான். அடுத்த வாரம் அவனே வந்து மாற்றவில்லை என்று சொல்லிவிட்டான்.

கடைசியாக, நாள் குறிப்பது. சென்னைக்காரர்களைப் பார்த்து ஞாயிறு காலை என்று வைத்தோம், பாம்பனிலிருந்தும் தங்கச்சிமடத்திலிருந்தும் யாரும் வரவில்லை. அது தேவாலயத்தில் பூசை நேரம். வெள்ளி மதியம் தொழுகை நேரம், கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் ஆகாது. ஆடி அமாவாசை, தை அமாவாசையில் ராமேஸ்வரம் பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. அப்பாவோடு கடலுக்கும் கரை வேலைக்கும் போகும் பையன்களுக்குப் படகு எந்த நாள் போகிறது என்பதைப் பொறுத்துத்தான் ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், நடுவில் பள்ளி விடுமுறையும் சேரும். பெரிய போட்டி வைக்க அதைவிட நல்ல சமயம் எங்கள் கரையில் இல்லை. ஆனால் அந்த மாதங்களில் பல வீட்டில் வருமானம் நின்றிருக்கும், அதனால் அப்போது நுழைவுக் கட்டணம் வாங்குவதில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆள் குறையும். “இன்றைக்கு இல்லை” என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிடத் தோன்றும். ஒருமுறை அப்படிப் போட்டேன். தேவிபட்டினத்துப் பையன் ஒருவன் செய்தியைப் பார்க்காமல் நனைந்துகொண்டே வந்து, பூட்டிய கதவின் முன்னால் அரை மணி நேரம் நின்றுவிட்டுப் போயிருக்கிறான். அதிலிருந்து யார் வந்தாலும் வராவிட்டாலும் 4 மணிக்கு நான் அங்கே இருக்கிறேன், ஜமுக்காளம் விரித்து, இரண்டு டெக் எடுத்து வைத்துக்கொண்டு.