வார்டு கணக்கெடுப்புக்கு வீடுகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மதுரையின் ஒரு வார்டில் எத்தனை வீடுகளுக்குக் குடிநீர் ஒழுங்காக வருகிறது என்பதை அறிய, எல்லா வீடுகளையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால், கேட்கப்போகும் வீடுகளைக் களப்பணியாளரின் வசதி தீர்மானிக்கக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தேர்வாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும்.

அதற்கு முதல் தேவை முழுமையான பட்டியல். வேலையில் பாதி இதுதான். வாக்காளர் பட்டியலில் பெயர்களைக் குலுக்கி எடுத்தால், ஆறு வாக்காளர்கள் உள்ள வீட்டுக்கு ஒருவர் மட்டும் உள்ள வீட்டைவிட ஆறு மடங்கு வாய்ப்பு கிடைத்துவிடும். சொந்த ஊரிலேயே ஓட்டு வைத்திருக்கும் வாடகைக் குடித்தனக்காரர்களோ அதில் இருக்கவே மாட்டார்கள். சொத்துவரிப் பட்டியலை நம்பினால், ஒரே கதவு எண்ணுக்குள் ஒரே குழாயில் தண்ணீர் பிடிக்கும் பல குடும்பங்களைக் கொண்ட காம்பவுண்டு வீடு ஒற்றை வரியாகச் சுருங்கிவிடும். ஆகவே தெருத்தெருவாக நடந்து, தனி அடுப்பு எரியும் ஒவ்வொரு குடும்பத்தையும் தனி வரியாக எழுதி, வரிசை எண் இடுவதே நல்லது.

ஆம், இல்லை என்ற விடைகளின் விழுக்காட்டை 95% நம்பகத்தன்மையுடன் (அதாவது, இப்படி நூறு முறை எடுத்தால் ஏறத்தாழ 95 முறை சரியாக இருக்கும்படி), 5 விழுக்காட்டுப் புள்ளி கூடுதல் குறைவுக்குள் அறிய ஏறத்தாழ 385 குடும்பங்கள் போதும். வார்டில் 2,400 குடும்பங்களே இருந்தால் 332 போதும். விடை கிடைக்காத வீடுகளையும் கருதி 400 என்று வைத்துக்கொண்டால், ஆறுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பகடையை ஒருமுறை உருட்டி நான்கு விழுந்தால் 4, 10, 16 என்று 2,398 வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் காம்பவுண்டுகள் பெரும்பாலும் ஆறாறு குடித்தனங்களாக இருந்து, குழாயடி வீட்டிலிருந்தே எண்ணப்பட்டிருந்தால், இந்த முறை ஒவ்வொரு காம்பவுண்டிலும் அதே இடத்து வீட்டில்தான் போய் நிற்கும். அத்தகைய வார்டில், எக்செலில் ஒவ்வொரு வரிக்கும் தற்செயல் எண் தரும் ராண்ட் (RAND) சூத்திரத்தால் ஓர் எண் கொடுத்து, அந்த எண்களை மதிப்புகளாக ஒட்டி வரிசைப்படுத்தி, முதல் 400 வரிகளை எடுப்பது பாதுகாப்பானது.

தேர்வான வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டைக் கேட்டு முடித்துவிடுவது நம்மூரில் பரவலான பழக்கம். கணக்கைக் கெடுப்பதும் அதுவே. பகலில் பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போகும் வீடுகள் என்பதால், பகலில் வரும் தண்ணீரைத் தவறவிடும் குடும்பங்களின் விடையே விடுபட்டுப்போகும். காலை, மாலை, ஞாயிறு என்று நேரம் மாற்றி மூன்று முறையாவது போக வேண்டும். 1936இல் அமெரிக்காவின் லிட்டரரி டைஜஸ்ட் இதழ் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றும் அதிபர் தேர்தலில் ரூஸ்வெல்ட் தோற்பார் என்று தவறாகக் கணித்தது. எண்ணிக்கை எவ்வளவு பெருகினாலும் சாய்ந்த தேர்வு நிமிராது. மூன்று முறை போயும் ஆள் கிடைக்காத வீடுகளும், பதில் சொல்ல மறுத்த வீடுகளும் எத்தனை என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.